கீழ்வீட்டு மீட்டர்

மறைமலைநகரில் நாங்கள் குடிவந்து நாலு மாதம் ஆகியிருந்தது. நாங்கள் கீழே, வீட்டுக்காரம்மா மாடியில். கணவர் காலையில் கம்பெனி பஸ் பிடித்தால் சாயங்காலம்தான் திரும்புவார். கரண்ட் பில் என் பொறுப்பு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பவர் வந்து அட்டையில் எழுதிவிட்டுப் போவார். நான் இ.பி. ஆபீஸ் வரிசையில் நின்று கட்டுவேன்.

இரண்டாவது தடவை அட்டையைப் பார்த்ததும் பகீரென்றது. எங்களிடம் இருந்தது இரண்டு டியூப் லைட், ஒரு ஃபேன், ஒரு மிக்ஸி. டிவியும் ஃபிரிட்ஜும் வைத்திருந்த எதிர்வீட்டுக்கு எங்கள் பில்லில் பாதிதான் வந்திருந்தது.

"மீட்டர் கோளாறா இருக்கும். எழுதிக் கொடுக்கலாம்" என்றார் கணவர்.

எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் நானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். மறுநாள் அவர் கிளம்பியதும் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, மீட்டருக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். கண்ணாடிக்குள் சக்கரம் சுற்றும் பழைய கறுப்பு மீட்டர். சக்கரம் அசையவில்லை. அப்படியானால் மீட்டர் சரிதான். பத்து மணி வாக்கில் மாடியில் தண்ணீர் மோட்டார் போட்டார்கள். சக்கரம் விறுவிறுவென்று சுற்றியது.

மாடிப்படி ஏறினேன்.

"அக்கா, கீழ வந்து ஒண்ணு பாருங்க."

வந்தார். மோட்டாரை நிறுத்தும்படி அவர் மகளுக்குக் குரல் கொடுக்கச் சொன்னேன். சக்கரம் நின்றது. மறுபடி போடச் சொன்னேன். சுற்றியது.

அவர் முகம் கறுத்துவிட்டது. "இன்னாம்மா, நான் திருடுனேன்றியா? வயரிங் பண்ணவன் எந்த லைன்ல குடுத்தான்னு எனக்கு இன்னா தெரியும்?"

"தெரிஞ்சு செஞ்சீங்கன்னு சொல்லலக்கா. லைன மாத்திக் குடுங்க, போதும்."

அவர் மீட்டருக்குக் கிட்டே போய்க் கண்ணாடிக்குள் பார்த்தார். "அதான் முன்ன இருந்த ரெண்டு குடும்பமும் வருஷம் திரும்பறதுக்குள்ள காலி பண்ணிகினு பூட்டாங்களா?" என்றார். அவருக்கு நிஜமாகவே தெரியாது என்பது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

அன்று மத்தியானமே எலக்ட்ரீஷியனை வரவழைத்து மோட்டாரைத் தன் மீட்டருக்கு மாற்றினார். கூடுதலாகக் கட்டியதை நான் கேட்கவில்லை. அவராகவே அந்த மாத வாடகையைக் குறைத்துக்கொண்டார்.

சாயங்காலம் கணவர் விஷயம் கேள்விப்பட்டுப் பதறினார். "வீட்டுக்காரங்ககிட்ட சண்டையா போட்ட?"

"இல்லியே. மோட்டார் போடச் சொன்னேன், அவ்வளவுதான்" என்றேன்.

அந்த வீட்டில் ஏழு வருஷம் இருந்தோம்.