புட்டும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

அப்பாவுக்கு வேலை போன செய்தியை நாங்கள் புலம்பெயர்ந்து வந்த மல்வேர்ன் பகுதித் தமிழ்ச்சனத்துக்கு, அதுவும் மைக்கில், முதன்முதலாக அறிவித்தவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது. அறிவிக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது.

எங்கள் ஆட்கள் பொங்கல் விழா வைத்தால் காலையில் தமிழ்ப் பேச்சுப்போட்டி நடக்கும். கேட்பதற்குப் பேசுகிற பிள்ளையின் தாய் தகப்பனும் மைக் செட்காரரும் இருப்பார்கள். பின்னேரம் ஆங்கிலச் சொற்போட்டி. அதற்கு மண்டபத்தில் நிற்கவும் இடமிராது. யாரும் பேச்சில் எடுக்காத ஓர் ஆங்கிலச் சொல்லைச் சொல்வார்கள். பிள்ளை அதன் கருத்தைச் சொல்லி, அதை வைத்து ஒரு வசனமும் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரனே பாவிக்காத சொல்லெல்லாம் இதுகளுக்கு எதற்கு என்று அம்மா சிரிப்பார். அப்பாவுக்கு அது சிரிப்பில்லை. தொழிற்சாலையில் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று 'யெஸ்', 'நோ' என்ற இரண்டோடு காலத்தை ஓட்டிய மனிதர் அவர். மகளுக்காவது வாய் வேண்டும் என்று நினைத்தார்.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் சொற்புத்தகத்தோடு உட்காருவோம். அப்பாவிடம் ஒரு சட்டம் இருந்தது.

"பாடமாக்கினதைச் சொல்லாதை, பிள்ளை. கண்ணாலை கண்டதைச் சொல்லு. அப்பதான் அது உன்ரை சொல்."

ஆகவே 'சோம்னாம்பியுலிஸ்ட்', தூக்கத்தில் நடப்பவர், என்றால் மேல்மாடி அங்கிள். நைட் ஷிப்ட் முடிந்து வந்து லிஃப்டில் கண்ணை மூடிக்கொண்டே பட்டனை அமர்த்துவார். 'கன்டாங்கரஸ்', எதற்கெடுத்தாலும் எரிந்து விழுபவர், என்றால் பெரியம்மா. அம்மாவுக்கு அந்த வசனம் பிடிக்கவில்லை. அப்பா அதை இரண்டு தரம் சொல்ல வைத்துக் கேட்டார்.

ஒரு நாள் 'சரப்டிஷஸ்' வந்தது. பிறர் கண்ணில் படாமல், களவாகச் செய்வது. எங்கள் வீட்டில் யார் எதைக் களவாகச் செய்கிறார்கள்? எவ்வளவு யோசித்தும் ஒரு வசனம் அகப்படவில்லை. பிறகு பார்ப்போம் என்று அப்பா பக்கத்தைப் புரட்டிவிட்டார். வழக்கத்தில் ஒரு சொல்லையும் இலேசில் விடாத மனிதர், அன்று ஏன் அப்படி அவசரப்பட்டார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை வகுப்போடு நூலகத்துக்குப் போனோம். கடைசி அலமாரிக்குப் பின்னால் அப்பா இருந்தார். காலில் வேலைக்குப் போட்டுப்போகிற பாரச் சப்பாத்து. மடியில் அம்மா கட்டிக்கொடுத்த புட்டு. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஒரு வாய் அள்ளிப் போட்டார். நூலகத்துக்குள் சாப்பிடக் கூடாது, கண்டால் ஏசுவார்கள், அதற்குத்தான் ஒளிக்கிறார் என்று நினைத்தேன். அவர் என்னைக் காணவில்லை. ஐயோ, எவ்வளவு அருமையான வசனம்! போட்டியில் சொல்லி அப்பாவை அசத்த வேண்டும் என்று அதை ஒருவருக்கும் சொல்லாமல் பொத்தி வைத்தேன்.

கடைசிச் சுற்றில் எனக்கு அதே சொல் விழுந்தது. முன்வரிசையில் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை என் அப்பா நூலக அலமாரிக்குப் பின்னால் 'சரப்டிஷஸாக'ப் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று நல்ல ஆங்கிலத்தில், நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. நடுவராக இருந்த அன்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டு முழுப் புள்ளியும் போட்டார். பின்னாலிருந்து யாரோ கத்தினார்.

"என்ன அண்ணை, செவ்வாய்க்கிழமையிலை உங்கடை கொம்பனி லீவோ?"

அப்பாவும் சிரித்தார். கை தட்டவும் செய்தார். அம்மா சிரிக்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் நான் வென்ற கப்பை மடியில் வைத்துக்கொண்டு இருவருக்கும் நடுவில் இருந்தேன்.

"எப்ப தொடக்கம்?" என்று அம்மா கேட்டார்.

"தீபாவளிக்கு முதல்," என்றார் அப்பா. "வேறை ஒண்டு கிடைச்சாப்பிறகு சொல்லுவம் எண்டு இருந்தனான்."

"விடியப்புறம் எழும்பி அவிச்சுத் தந்த சாப்பாடு. அதை ஒளிச்சிருந்தே சாப்பிட்டனீங்கள்?"

எனக்கோ வேறு கவலை.

"அப்பா, என்ரை வசனம் பிழையோ?"

"இல்லை, பிள்ளை. வடிவான வசனம்."

அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு வசனமும் கேட்கவில்லை. அந்தப் புத்தகம் எங்கே போனதென்றும் தெரியாது. இப்போது எங்காவது புட்டு மணம் வந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் கைதட்டல்தான்.

போட்டிக்கு அடுத்த திங்கட்கிழமை காலையிலும் அம்மா புட்டவித்தார். ஆனால் பெட்டியில் கட்டவில்லை. தட்டில் போட்டு மேசையில் வைத்தார். அப்பா சப்பாத்துப் போடாமல், யாருக்கும் ஒளிக்காமல், இருந்து சாப்பிட்டார். நான் வென்றதற்காக அப்பா லீவு போட்டு வீட்டில் நிற்கிறார் என்று அன்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.