ஆடிட்டுக்கு மறுநாள்

இந்த மாதத் தொடக்கத்தில் ஆம்பூர் போயிருந்தேன். பிரியாணிக்குத்தானே என்பீர்கள்... இல்லை. மொழிபெயர்க்க.

என் தோழி ஸ்டெல்லா அங்கே ஒரு ஷூ கம்பெனியில் ஹெச்.ஆர். அதிகாரி. ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஓர் ஆடிட்டரை அனுப்புகிறார்கள் – கணக்குப் பார்க்க அல்ல, தொழிலாளர்களை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்க. வழக்கமாக மொழிபெயர்ப்பவருக்குக் காய்ச்சலாம். "நீங்க வாங்கக்கா, ப்ளீஸ்" என்றாள். வேலூரிலிருந்து எவ்வளவு தூரம்? போனேன்.

ஆடிட்டுக்கு முன் 'ஆடிட் கிளாஸ்' என்று ஒன்று உண்டு, தெரியுமா? தையல் செக்‌ஷன் பெண்களை நிற்கவைத்து ஸ்டெல்லா கேட்டாள்.

"மாஸ்க் எப்போ தர்றாங்க?"

"தினமும், மேடம்."

"கொழந்தைங்கள எங்க விடுறீங்க?"

"இங்கயே கிரெச்ல, மேடம். தினமும்."

வாய்ப்பாடு ஒப்பிப்பது போல ஒரே குரல். பின்னால் சுவரில் கம்பெனியின் நெறிமுறைக் கொள்கை கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. முதல் வரி, நேர்மை.

அந்த கிரெச்சைப் பார்த்தேன். அழகான அறை. தொட்டில், பாய், சுவரெல்லாம் முயல். வருஷம் முழுக்கப் பூட்டியிருக்கும், ஆடிட் அன்று திறக்கும். அன்று மட்டும் பிள்ளைகளைக் கூட்டி வரச் சொல்வார்கள். பேக்கிங் செக்‌ஷனிலிருந்து ஓர் அம்மாவைப் பிடித்துவந்து, ஏப்ரன் மாட்டி, காப்பாளராக உட்காரவைப்பார்கள். பொம்மைகளின் பிளாஸ்டிக் கவரைக்கூட அன்று காலையில்தான் பிரித்தார்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வெட்கமா இல்லையா உனக்கு?" என்று ஸ்டெல்லாவைக் கேட்டேன்.

"இருக்குக்கா. ஆர்டர் போச்சுன்னா இத்தன பேரும் வீட்டுக்குப் போவணும். கிரெச்சுக்கு ஒரு ஆள் போடுங்கன்னு கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப் போச்சு. செலவு ஜாஸ்தின்றாரு முதலாளி."

அவள் முகத்தைப் பார்த்த பிறகு மேற்கொண்டு திட்ட மனம் வரவில்லை.

கலா என்ற பெண்ணிடம் ஆடிட்டர் பேசினார். ஷூவின் மேல்பாகம் தைக்கிறவள். இடுப்பில் சின்ன மகள், மகள் கையில் பொம்மை யானை. தினமும் கூட்டி வருவீர்களா என்று கேட்டார்.

"தினமும் கூட்டியாறேன், மேடம்."

நான் மொழிபெயர்த்தேன். ஆடிட்டர் சந்தோஷமாக எழுதிக்கொண்டார். பேஜார் இல்லாமல் ஆடிட் முடிந்தது.

அன்று ஸ்டெல்லா வீட்டிலேயே தங்கினேன். மறுநாள் காலை என்னை ஸ்டேஷனில் விடப் போகும் வழியில், கம்பெனி கேட்டருகே வண்டியை நிறுத்தினாள். வாட்ச்மேன் கலாவிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். கலாவின் இடுப்பில் அதே குழந்தை.

"ஆடிட்டு நேத்தே முடிஞ்சிச்சும்மா. கொழந்தைய இன்னாத்துக்குத் தூக்கினு வந்தே?"

கலா எங்களைப் பார்த்துவிட்டாள். ஸ்டெல்லாவிடம் வந்தாள்.

"மாமியாருக்குக் கால் ஒடைஞ்சி படுத்துட்டாங்க, மேடம். புள்ளயப் பாத்துக்க ஆளில்ல. வேலைய உட்டு நின்னுடலாம்னுதான் இருந்தேன். நேத்து அந்த மேடம் கிட்ட தினமும் கூட்டியாறேன்னு சொன்னேனா... சொன்னத செஞ்சுதான் பாப்போமேன்னு வந்துட்டேன்."

கிண்டல் இல்லை. கெஞ்சலும் இல்லை.

ஸ்டெல்லா என்ன செய்வாள்? அறையைத் திறந்தால் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். திறக்காவிட்டால் கலா அப்படியே வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். கலாவையும் குழந்தையையும் ஒரு தரம் பார்த்தாள். அப்புறம் கைப்பைக்குள் சாவியைத் தேடினாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் ரயில் போனதைப் பற்றிக் கவலையே படவில்லை.

முதலாளி குதித்தாராம். "தினமும் நடக்குதுன்னு ஆடிட்டர் எழுதினு போயிருக்காங்க சார். சொல்லாம கொள்ளாம திரும்பி வந்து, கிரெச் பூட்டிக் கெடக்கறத பாத்தாங்கன்னா?" என்றிருக்கிறாள் ஸ்டெல்லா. மனிதர், சாவி ஸ்டெல்லாவிடமே இருக்கட்டும் என்றுவிட்டாராம். இப்போது மற்ற பெண்களும் பிள்ளைகளோடு வருகிறார்கள். பேக்கிங் அம்மா ஏப்ரனைக் கழற்றுவதே இல்லை.

நல்ல கொள்கைகளை எழுதிச் சுவரில் மாட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறோம். கம்பெனிகள் மட்டுமா? வீட்டிலும் அப்படித்தானே? யாராவது ஒருத்தி அதை நிஜம் என்று எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கும்போதுதான் நமக்கு உறைக்கிறது.

நேற்று ஸ்டெல்லா போன் செய்தாள். தையல் செக்‌ஷன் பெண்கள் நச்சரிக்கிறார்களாம்.

"அடுத்த ஆடிட் கிளாஸ் எப்போ, மேடம்? கேன்டீன்ல ஃபேன் நல்லா ஓடுதுன்னு சொல்லணும்."