குழாயை மூடிய பிறகு கேட்ட பேச்சு

தண்ணீர் மீட்டர் வரும்வரை எங்கள் குவார்ட்டர்ஸில் நான் ஒரு குழாயையும் ஒழுங்காக மூடியதாக ஞாபகம் இல்லை. இங்கே நிலக்கரிச் சுரங்கம் வெட்டவேண்டும் என்றால் அடியில் ஊறும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இறைத்த தண்ணீருக்கு டவுன்ஷிப்பில் என்ன பஞ்சம்? சம்பளத்தில் மாதாமாதம் ஒரு சின்னத் தொகை பிடிப்பார்கள், அவ்வளவுதான். அண்டா அண்டாவாக ஊற்றினாலும் அதே தொகை, பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனாலும் அதே தொகை. எங்கள் பிளாக்கின் பின்பக்கம் போய் நின்றால் எந்நேரமும் சளசளவென்று சத்தம் கேட்கும். மாமரத்துக்குக் குழாயைத் திறந்துவிட்டு, கோயிலுக்குப் போய், பிரசாதம் வாங்கிச் சாப்பிட்டுத் திரும்பிவந்து மூடுகிற ஆள் நான்.

பிறகு மீட்டர் வந்தது. பின்சுவர் ஓரமாக ஒரு பெட்டி, பக்கத்தில் ஒரு வால்வு. கண்ணாடிக்கு அடியில் குட்டியாக ஒரு சக்கரம். வீட்டில் யார் எங்கே குழாயைத் திறந்தாலும் அது சுற்றும். முதல் பில்லில் எங்கள் வரிசையிலேயே எங்கள் வீடுதான் முதலிடம். வீட்டில் இருப்பதோ நாங்கள் இரண்டே பேர். மகள் கோயம்புத்தூரில் வேலையில் இருந்தாள், தை மாதம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எனக்கு மானம் போய்விட்டது.

காரணம் எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் குளிக்கிற குளியல். ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து மதியம் வருவார். சாப்பாட்டைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போடுவார். குழாயை முழுசாகத் திறந்துவிட்டால் வாளி நிரம்பி வழிந்து ஓடிக்கொண்டே இருக்கும். அவர் வெளியே வர எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும். இது இரண்டு வருஷமாக இருக்கிற பழக்கம். சுரங்கத்துத் தூசி போகவேண்டுமே என்று நான் விட்டிருந்தேன்.

"ஒரு ஆள் குளிக்க ஒரு ஏரி வேணுமா உங்களுக்கு? வாளி நெறஞ்சதும் மூடுங்க," என்றேன்.

"சரி," என்றார். அவர் அப்படித்தான். நான் பத்து வார்த்தை சொன்னால் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வரும். அதுவும் பெரும்பாலும் "சரி", இல்லையென்றால் "ஒண்ணுமில்ல".

மறுநாள் சொன்னபடியே வாளி நிரம்பியதும் குழாயை மூடினார். நான் சமையலறையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். பிளாக் முழுக்க எல்லோரும் குழாயை மூடியிருந்த காலம் அது. மதியம் மூன்று மணிக்கு அப்படியொரு நிசப்தத்தை நான் அந்த வீட்டில் கேட்டதே இல்லை. அடுப்பை அணைத்தபோது ஒரு ஆண்குரல் கேட்டது. தாழ்ந்த குரலில் நிதானமாக, யாரிடமோ பேசுகிற குரல்.

போனில் பேசுகிறாராக்கும் என்று நினைத்தேன். போன் ஹாலில் சார்ஜரில் கிடந்தது. பக்கத்து வீடோ என்றால், அங்கே இருந்தவர் ரிட்டயராகிப் போய் வீடு பூட்டிக் கிடந்தது. பாத்ரூம் கதவருகே போய் நின்றேன்.

"மறுபடியும் புதுசா ஒருத்தன் வந்திருக்கான், உன் எடத்துக்கு. சோறு திங்கும்போதுகூட பேசமாட்டேங்கிறான்."

பிறகு பேச்சில்லை. ஒரு ஆள் பதில் சொல்லி முடிக்கிற அளவுக்கு இடைவெளி. அதன்பின் என் வீட்டுக்காரர் சிரித்தார்.

"அதான் நானும் நெனச்சிகினு இருந்தேன்."

நாங்கள் சிவகங்கைப் பக்கத்து ஆட்கள். 'நெனச்சிகினு' என்று இந்த ஊர்ப் பேச்சை என் வீட்டுக்காரர் வீட்டுக்குள் பேசி நான் கேட்டதே இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்துபோனவர்களில் அப்படிப் பேசியவர் ஒரே ஒருவர்தான். என் வீட்டுக்காரரோடு சுரங்கத்துக் கன்வேயர் பக்கம் ஒரே ஷிப்டில் வேலை பார்த்த கான்ட்ராக்ட் ஆள், காடாம்புலியூர்க்காரர். பலா சீசனில் ஒரு பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டுக்கு வெளியே நின்று, "அண்ணி, அண்ணன் இருக்குதா?" என்று ராகமாக இழுப்பார். அவர் செத்து இரண்டு வருஷமாகியிருந்தது. பைக்கில் வீடு திரும்பும்போது கரும்பு டிராக்டரின் பின்னால் மோதிவிட்டார். என் வீட்டுக்காரர் துக்கத்துக்குப் போய்வந்தார், தலை முழுகினார், ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போதும் போலத்தான் என்று நானும் விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து தினமும் கேட்டேன். ஒட்டுக்கேட்பது தப்பென்று தெரியும். ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. முதலில் பயமாக இருந்தது. பிறகு வயிற்றெரிச்சல். கல்யாணம் ஆனதிலிருந்து என்னிடம் அத்தனை பேச்சு அந்த மனுஷன் பேசியதில்லை. முட்டிவலி, ரிட்டயர்மெண்ட் பயம், மகளைப் பிரிகிற கவலை, நான் வைக்கிற புளிக்குழம்பு, எல்லாம் உள்ளே போனது. எனக்கு மிஞ்சியது "சரி" மட்டும்தான்.

ஒருநாள் கதவில் சாய்ந்துவிட்டேன் போலிருக்கிறது. மரம் லேசாகக் கிறீச்சிட்டது. உள்ளே பேச்சு நின்றது.

"இரு தம்பி. வெளியில யாரோ நிக்கிற மாதிரி இருக்குது."

நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அந்த இடைவெளி.

"இல்லயா? சரி சரி."

செத்துப்போன மனுஷன் எனக்காகப் பொய் சொன்னாரா, இல்லை அவர் கண்ணுக்கு நான் தெரியவே இல்லையா? இரண்டில் எது பயங்கரம் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதற்கும் மேலே ஒன்று அடுத்த வாரம் வந்தது.

"கழுத்துல இருக்கறது பெருசாயிடுச்சுப்பா. டாக்டர் உடனே பாண்டிச்சேரி போய்ப் பாக்கச் சொல்லிட்டாரு. தள்ளிப் போடாதீங்கன்னு வேற சொல்றாரு."

இடைவெளி.

"ஆமா, பொண்ணு கல்யாணம் முடியட்டும். அதுக்குள்ள ஒண்ணும் ஆயிடாதுல்ல?"

இடைவெளி.

"நீ சொன்னா சரி."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. செத்தவர் யோசனை சொல்கிறார், உயிரோடு இருக்கிறவர் தலையாட்டுகிறார், கட்டியவள் கதவுக்கு வெளியே கூஜா தூக்கிக்கொண்டு நிற்கிறாளா? ராத்திரி சாப்பாட்டின்போது சட்டைக் காலரைப் பார்த்தேன். மேல் பட்டன்வரை போட்டிருந்தார்.

"கழுத்துல என்ன?"

"ஒண்ணுமில்ல. கொசு."

அதற்குமேல் அவரிடமிருந்து ஒன்றும் பெயராது. டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போகலாம் என்றால், கல்யாணம் முடியட்டும் என்று பிடிவாதம் பிடிப்பார். அவருடைய பிடிவாதத்தோடு மல்லுக்கட்டி ஜெயித்தவர் யாரும் இல்லை. அவர் கேட்கிற பேச்சு ஒரே ஒருவருடைய பேச்சுதான்.

நான் சந்தேகப்பட்டது அவருக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் பாத்ரூமுக்குள் போனதும் குழாயைப் பழையபடி முழுசாகத் திறந்துவிட்டார். உள்ளே தண்ணீர் இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. பில்லாவது ஒன்றாவது, எனக்கு அதெல்லாம் அப்போது நினைப்பிலேயே இல்லை. உள்ளே என்ன முடிவாகிறதோ என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. நேராகப் பின்பக்கம் போனேன். மீட்டர் சக்கரம் கண் பிடிக்க முடியாத வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. வால்வைப் பிடித்துத் திருகினேன். சக்கரம் தயங்கித் தயங்கி நின்றது.

கதவுக்குத் திரும்பி வந்தபோது உள்ளே சொட்டுச் சத்தம்கூட இல்லை.

"தண்ணி நின்னுபோச்சு," என்றார். இடைவெளி. "அது கெடக்குது. அவ கழுத்தப் பாத்துட்டாப்பா. எனக்கும் பயமாத்தான் இருக்குது. நீயே சொல்லு, போகட்டுமா?"

அந்த இடைவெளி தொடங்கியது. இந்தத் தடவை அதை விட்டால் என் வீட்டுக்காரரை விட்டுவிடுவேன் என்று எனக்குத் தெரிந்தது. வாயைக் கதவிடுக்கில் வைத்தேன்.

"போயிட்டு வாண்ணே," என்றேன். அந்த ஆள் மாதிரியே கடைசியை இழுத்து. "இன்னாத்துக்கு யோசிச்சிகினு இருக்குற. நாளைக்கே போண்ணே."

தாலி கட்டியவரை அண்ணே என்று கூப்பிட்டேன். சொன்ன வாய் கூசியது. பிறகு தாழ் திறந்தது. தலையெல்லாம் சோப்பு நுரையோடு துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

"வால்வைத் தொறந்து விடு," என்றார். "நாளைக்குப் பாண்டிச்சேரி போகணும். நீயும் வா."

பார்த்தார்கள், அறுத்து எடுத்தார்கள், நல்லவேளையாக அது பரவியிருக்கவில்லை. தை மாதம் கழுத்தில் பிளாஸ்திரியோடு மணையில் உட்கார்ந்து மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தார். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்ல வந்தது பாண்டிச்சேரிக்குக் கிளம்பிய அன்று காலை பஸ்ஸில் நடந்தது.

மூன்று பேர் உட்காரும் சீட்டில் நாங்கள் இருவர். நான் ஜன்னல் ஓரம். காடாம்புலியூரில் பஸ் நின்றது. யாரும் எங்கள் பக்கம் வரவில்லை. ஆனாலும் அவர் என்னை நெருக்கிக்கொண்டு நகர்ந்து, ஓரத்தில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டார். பண்ருட்டி போயிற்று, மேல்பட்டாம்பாக்கமும் போயிற்று. நின்றுகொண்டு வந்த ஒருவர்கூட அந்த இடத்தில் உட்காரவில்லை.

"நேத்து ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சொன்னீங்க," என்றார் அவர் மெதுவாக. "நீயும் போகச் சொன்ன, அவனும் போகச் சொன்னான். அதனாலதான் கெளம்பினேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அவன் சொன்னது உனக்குக் கேட்டுச்சா?"

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அந்த மனுஷனைத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை. "கேட்டுச்சு," என்றேன். அப்போது அதைப் பொய் என்று நினைத்துத்தான் சொன்னேன்.