ஊடு என்று படித்த பாப்பாத்தி

ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் மாடியில் குடியிருக்கும் இளம் டீச்சர், பயிற்சி வகுப்பில் கொடுத்தார்கள் என்று ஒரு வழவழப்பான தாளைக் காட்டினாள். ‘குழந்தையின் வீட்டு மொழியிலிருந்து தொடங்குங்கள். இதை ஆய்வுகள் உறுதி செய்கின்றன.’ விருட்டென்று எழுந்து உள்ளே போனேன். பாவம், காபி போடத்தான் போகிறேன் என்று நினைத்திருப்பாள்.

அந்தத் தாளில் புது ரெக்ஸின் வாசம். எழுபதுகளில் எங்கள் பள்ளிகளைப் பார்வையிட வரும் டிப்டி இன்ஸ்பெக்டரின் பையிலும் அதே வாசம்தான். புதுச்சத்திரத்தில் பஸ் இறங்கி இரண்டு மைல் நடந்தால் எங்கள் தொடக்கப்பள்ளி. டீச்சராக எனக்கு அது முதல் வேலை. குடையைத் தவிர எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் போவேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பாடத்தைக் கோரஸாக ஒப்பிப்பார்கள். புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் பிசகாது. ஒற்றைச் சொல்லைப் பலகையில் எழுதினால் திருதிருவென்று முழிப்பார்கள்.

ஒப்பிப்பதை நிறுத்தினேன். வாயில் வருகிற சொல்லிலேயே முதலில் படிக்கட்டும், ஏட்டுச் சொல் பிறகு வரட்டும் என்று விட்டேன். யார் எந்த வரியை என்றைக்குப் படித்தார்கள் என்று பழைய காலண்டர் தாள்களின் பின்புறம் குறித்து வைத்தேன். ஏற்கெனவே ஒரு வருடம் ஃபெயிலான பாப்பாத்தி, பலகையில் ‘வீடு’ என்று எழுதியதை வெகுநேரம் பார்த்தாள்.

“ஊடுங்க டீச்சர்.”

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அங்கே ‘ஊ’ இல்லையே. எழுத்தைக் கூட்டிப் பொருளைப் பிடித்து, வீட்டில் பேசுகிற தன் சொல்லில் சொல்கிறாள். ஒப்பிக்கிற பிள்ளைக்கு அது வராது.

வருடக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்த அன்று, புத்தகத்தில் அவரே காட்டிய வரியைப் பாப்பாத்தி தட்டுத்தடுமாறிப் படித்தாள்: “ராமன் ஊட்டுக்குப் போனான்.”

“வீடுன்னு படிக்கத் தெரியல, இதுக்கு எதுக்கும்மா பாஸ்? சுழிச்சுடுங்க” என்றார்.

காலண்டர் தாள்களை நீட்டினேன். வாங்கினார், மடித்தார், விசிறிக்கொண்டார். தலைமையாசிரியர் எனக்குக் கண்ணைக் காட்டினார். வேலை நிரந்தரமாகாத பயத்தில் சிவப்புப் பென்சிலை எடுத்து, அவள் பெயரைச் சுழித்து ஃபெயிலாக்கியவள் நான்தான். அவர் மேல் வருகிற ஆத்திரத்தில் பாதி என் மேலும் உண்டு.

ஜூன் மாதம் அவள் அப்பா வந்தார். “ரெண்டு தடவ ஆச்சுங்க. ஊடுன்னுகூட படிக்க வரலீங்களாமா. ஆடு மேய்க்கட்டுமுங்க, சாமி.”

படிக்க வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை.

இப்போது அந்தப் பள்ளி இல்லை. காலண்டர் தாள்களைக் கரையான் தின்றுவிட்டது. எண்பதுகளின் கடைசியில் திருச்செங்கோடு பஸ் நிலையத்தில் ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். பாப்பாத்தி. பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படிக்கச் சொல்லி யாரையோ கேட்டுக்கொண்டிருந்தவள்.

“பக்கத்துலதானுங்க டீச்சர், வந்துட்டுப் போங்க” என்றவள் ஒரு கணம் நிறுத்தி, பல்லால் உதட்டைக் கடித்து, எனக்காகவே திருத்தமாகச் சொன்னாள்: “வீட்டுக்கு.”