அக்காவின் முகத்தில் இருந்த சிவப்பு

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. வருஷத் திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தக்காரர்களுக்கும், அக்காவோடு வயலில் இறங்கிய பெண்களுக்கும் என் வணக்கம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுதிப் பழக்கமில்லை. எழுத உட்கார்ந்தால் இதை யார் படித்து என்ன நினைப்பார்களோ என்ற கவலைதான் முதலில் வருகிறது. இந்தக் கட்டுரைக்கு அந்தக் கவலை கொஞ்சம் கூடுதல். போன வருஷம் அஞ்சலிச் சுவரொட்டியில் "உடல்நலக் குறைவால்" என்று மட்டும் போட்டோம். என்ன குறைவு என்று போடவில்லை. இந்த வருஷமும் அப்படியே போட்டுவிடலாம் என்றுதான் வீட்டில் பலரும் சொன்னார்கள். என் மகளுக்கு வரன் கூடி வரும் நேரம், அதனால் சொன்னார்கள்.

அக்கா பாபநாசத்துக்கு வடக்கே குடமுருட்டி ஆற்றுப் பாசனத்தில் உள்ள எங்கள் ஊரில், எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். எனக்கும் அவருக்கும் ஏழு வயது வித்தியாசம். அப்பா மிராசுதாரின் நிலத்தைக் குத்தகைக்குப் பயிர் செய்தார். குறுவை, தாளடி இரண்டு போகமும் அந்த நிலம்தான் எங்களுக்குச் சோறு. அப்போது ஊருக்கு ஊர் குத்தகைத் தகராறு. சட்டம் குத்தகைதாரர் பக்கம் இருக்கிறது என்று மேடைகளில் பேசினார்கள். அந்தச் சட்டத்தில் ஒரு நிபந்தனையும் இருந்தது. குத்தகைதாரரோ அவர் குடும்பத்தாரோ தங்கள் உடம்பால் அந்த நிலத்தில் உழைக்க வேண்டும். கூலிக்கு ஆள் வைத்து வரப்பில் நிற்பவருக்குப் பாதுகாப்பு கிடையாது.

அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். அதுவரை சும்மா இருந்த மிராசுதாரின் காரியஸ்தர், படுத்துக்கிடப்பவர் எப்படிப் பயிர் செய்வார் என்று தாவா போட்டுவிட்டார். நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஏர் பிடித்தேன். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. இந்தப் பையனை உழவன் என்று எந்தக் கோர்ட்டில் ஒப்புக்கொள்வார்கள் என்று காரியஸ்தர் கேலி பேசினார். அதனால் அக்கா வயலில் இருப்பது எல்லோர் கண்ணிலும் படவேண்டும் என்று வீட்டில் முடிவாயிற்று. நிழலில் செய்கிற வேலை எதையும் அவருக்குக் கொடுக்கவில்லை. களை பறிப்பதானாலும் நடவானாலும் மடை திருப்புவதானாலும், காரியஸ்தர் சைக்கிளில் வருகிற உச்சிவெயில் நேரத்தில் அக்கா சேற்றில் நிற்பார். முக்காடு போட்டால் யார் என்று அடையாளம் தெரியாது என்பதால் அதையும் போடவிடவில்லை. கோர்ட்டுக்குச் சாட்சி வேண்டும் என்று ஒரு பெண்ணின் முகத்தை வெயிலுக்குத் திறந்து வைத்த குடும்பம் எங்கள் குடும்பம்.

அந்தத் தாளடி நடவில்தான் அவர் முகம் சிவந்தது. மூக்குத்தண்டின் மேல் ஏறி இரண்டு கன்னத்திலும் இறங்கிய சிவப்பு. யாரோ குங்குமக் கையால் முகத்தைப் பிடித்துவிட்டதுபோல இருக்கும். சேற்று வெக்கை என்றார்கள். அம்மை என்று வேப்பிலை வைத்தோம். வெயிலில் போனால் கூடும், மழை நாளில் கொஞ்சம் அடங்கும். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. நாற்றுக் கட்டின் முடிச்சை அவிழ்க்கப் பல்லை உபயோகிப்பார். சாயங்காலமானால் காய்ச்சல். சோம்பல் என்று அம்மா ஏசியதும் உண்டு.

எங்கள் ஊரில் அன்றைக்கு நோயைப் பற்றி எழுதியிருந்த சுவர் ஒன்றே ஒன்று, பள்ளிக்கூடச் சுவர். தோலில் தேமல் இருந்தால் தொழுநோயாக இருக்கலாம், சிகிச்சை இலவசம் என்று அரசாங்கம் எழுதியிருந்தது. நல்ல காரியம்தான். ஆனால் ஊருக்குத் தெரிந்த ஒரே தோல் நோய் அது என்பதால் அக்காவுக்கும் அதுதான் என்று ஆகிவிட்டது. நடவு வரிசையில் பெண்கள் தோளோடு தோள் குனிவார்கள். அக்காவுக்கு இரண்டு பக்கமும் ஒரு முழம் இடம் விட்டார்கள். அந்த இடத்தையும் சேர்த்து அவரே நட்டார். தொழுநோய் பார்க்கிற அரசாங்க ஊழியர் வீட்டுக்கே வந்து, உணர்ச்சி இருக்கிறதா என்று இறகால் கன்னத்தைத் தடவிப் பார்த்து, இது அந்த நோய் இல்லை என்று தெருவில் நின்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியானால் என்ன என்று அம்மா கேட்டதற்கு அவருக்குப் பதில் தெரியவில்லை. அந்த நோய்க்கு அரசாங்கம் செலவு செய்திருந்ததால் அது இல்லை என்று தெரிந்தது. இந்த நோய்க்கு யாரும் செலவு செய்யாததால் இது என்னவென்று தெரியாமலே போயிற்று.

தாவாவில் ஜெயித்தோம். குத்தகைப் பதிவு எங்கள் பெயருக்கு வந்தது. அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்கள். பிறகு யாரும் வரவில்லை. எனக்குக் கல்யாணம் செய்து வைத்து, என் மகளைத் தூக்கி வளர்த்து, அக்கா எங்கள் வீட்டிலேயே இருந்தார். வெளியூர்க் கல்யாணங்களுக்கு அவரை நாங்கள் அழைத்துப் போனதில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா என்று காரணம் சொல்வோம். அவரும் சரி என்பார்.

பல வருஷம் கழித்து அவருக்குக் காலும் முகமும் வீங்கிச் சிறுநீர் நுரையாகப் போனபோதுதான் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு டாக்டரம்மா அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். வெயிலில் போனால் கூடுமா, முடி கொட்டுமா, வாயில் புண் வருமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எங்கள் வீட்டில் இருந்து பார்த்தவர் மாதிரி கேட்டார். ரத்தம் சோதித்த பிறகு லூபஸ் என்றார். அந்தப் பெயரை நாங்கள் கேட்டது அன்றுதான்.

"உடம்புக்குக் காவல் இருக்கிற சக்தியே உடம்பை அடிக்குதும்மா. காவக்காரனே வீட்டுக்குள்ள பூந்து அடிக்கிற மாதிரி. ஒட்டாது, யாருக்கும் பரவாது. வராம தடுக்க முடியாது. ஆனா மொதல்லயே கண்டுபிடிச்சு மாத்திரை போட்டு, வெயில் படாம பாத்துக்கிட்டா கிட்னி வரைக்கும் போவ விடாம தடுக்கலாம்" என்றார்.

வெயில் என்ற சொல்லைக் கேட்டதும் அக்கா என்னைப் பார்ப்பார் என்று பயந்தேன். அவர் பார்க்கவில்லை. "இது எங்கூர்ல இன்னும் யாருக்காவது இருக்குமாம்மா?" என்று டாக்டரைக் கேட்டார். இருக்கலாம், பெண்களுக்குத்தான் அதிகம் வரும் என்றார் டாக்டர். பஸ்ஸில் திரும்பும்போது அக்கா, சின்ன வயதில் காய்ச்சலும் மூட்டு வீக்கமுமாகச் செத்துப்போன மேலத்தெருப் பெண் ஒருத்தியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். காத்துக்கருப்பு என்று அவளுக்கு மந்திரித்துக்கொண்டு இருந்தார்கள்.

அதன்பிறகு அக்கா வேறு ஆளாகிவிட்டார். அவர் கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. இந்த நோயின் அடையாளங்களை அரசாங்கச் செலவில் ஊருக்கு ஒரு சுவரில் எழுத வேண்டும். நடவு தொடங்கும் முன்னால் பெண்களைப் பார்க்க ஒரு நாள் டாக்டர் வரவேண்டும். தேர்தலுக்குச் சுவர் எழுத வந்த பையன்களிடம், ஓரமாக நாலு வரி எழுதச் சொல்லிக் கேட்டார். "அக்கா, சொவரெல்லாம் அடுத்த தேர்தலுக்கும் சேத்து புக்கு ஆயிடுச்சி. ஒங்க வியாதிக்குச் சின்னம் என்ன சொல்லுங்க, வரைஞ்சிடுவோம்" என்று சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். "மூஞ்சிய காட்டுறேன், அதையே வரை" என்றார்.

பிறகு கிராம சபைக் கூட்டத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். தெருவிளக்கு, குடிநீர், வாய்க்கால் தூர் எல்லாம் பேசி முடித்ததும் அக்கா எழுந்து நின்றார். முகத்தில் அன்றைக்குச் சிவப்பு கூடியிருந்தது. வெயில் படக்கூடாத நோய் என்று அவர் சொல்லத் தொடங்கியதும் பின்னாலிருந்து ஒருவர், "வெயிலு படக்கூடாதுன்னா நடவு யாரு நடுறது? கலெக்டரா வந்து நடுவாரு?" என்றார். பந்தலே சிரித்தது.

"நடுங்க. நானும் நட்டவதான்" என்றார் அக்கா. "மொகம் செவந்தா, வெரலு மடங்கலைன்னா, முடி கொத்தா வந்தா வேப்பிலையைத் தேடாம தஞ்சாவூருக்குப் போங்கன்னு எழுதச் சொல்றேன். எழுதறதுக்குப் பெயிண்டு காசுதானே கேக்குறேன்."

அந்த நோய்க்கென்று நிதி எதுவும் வரவில்லை, எந்தத் தலைப்பில் செலவு காட்டுவது என்று தலைவர் தன்மையாகத்தான் சொன்னார். ஒரு ஆள் வியாதிக்கு ஊர்ப் பணமா என்று வேறொருவர் முணுமுணுத்தார். எனக்கு உட்கார்ந்த இடம் சுட்டது. "வாக்கா, போவலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

அக்கா கையை உருவிக்கொண்டார். "ஒனக்கு வெக்கமா இருந்தா நீ போ தம்பி. நான் இந்த மூஞ்சிய எங்க வச்சிட்டுப் போறது?" என்றார்.

பந்தலில் அதற்குப் பிறகு சிரிப்புச் சத்தம் இல்லை. தீர்மானமும் இல்லை. திங்கட்கிழமை மனுக்களோடு கலெக்டர் ஆபீசுக்கும் பலமுறை போனார். பரிசீலனை என்று பதில் வந்தது. நடவுப் பெண்களிடம் போய் வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நின்று அவரே சொல்ல ஆரம்பித்தார். கேட்டவர்களில் ஒரு பெண்ணுக்கு இந்த நோய் ஆரம்பத்திலேயே தெரியவந்து, இன்றைக்கு மாத்திரையோடு நன்றாக இருக்கிறார். அவர் விருப்பப்படி பெயரை எழுதவில்லை.

கடைசி வருஷங்கள் டயாலிசிஸில் போயின. அரசுக் காப்பீட்டு அட்டை இருந்ததால் அதற்கு வழி இருந்தது. கிட்னி கெட்ட பிறகு இவ்வளவு செலவு செய்கிற அரசாங்கம், கெடுவதற்கு முன்னால் நாலு வரிக்குச் செலவு செய்யக் கூடாதா என்று அக்கா ஊசி ஏறும்போதும் கேட்பார். கார்த்திகை மாதம் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. உடம்பு தாங்கவில்லை. என் மகள் மடியில் தலை வைத்தபடி அமைதியாகப் போனார்.

இனி மலர் விஷயம். வேதாரண்யத்திலிருந்து சித்தப்பா வந்திருந்தார். நான் எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "செத்தவளுக்கு என்னடா ஆகப்போவுது. இருக்கிறவளைப் பாரு. குடும்ப வியாதின்னு சம்பந்தி வீட்டுல நெனச்சா அவ்வளவுதான்" என்றார். அவர் கெட்டவர் அல்ல, என்னைப்போலப் பயந்தவர். நெருங்கிய சொந்தத்தில் கொஞ்சம் கூடுதலாக வரலாம், பெரும்பாலும் வராது என்று டாக்டர் சொன்னதை நான் சொன்னேன். அதை மலரில் விளக்கிக்கொண்டு இருக்க முடியுமா என்றார். நோயின் பெயரை அடித்துவிட்டேன்.

என் மகள் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள். "நாளைக்கு எனக்கு மொகம் செவந்தா அந்த வீட்டுல நான் யாருகிட்டப்பா சொல்லுவேன்? அத்தையை ஒளிச்சு வச்ச மாதிரி என்னையும் ஒளிச்சு வைக்கச் சொல்றீங்களா?" என்றாள். சித்தப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடித்ததற்கு மேலே மறுபடியும் எழுதினேன். எங்கள் அக்கா லூபஸ் நோயால் காலமானார். அது வெட்கப்பட வேண்டிய நோய் இல்லை. வெட்கப்பட்டவர்கள் நாங்கள். அந்த வெட்கம்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

முதலில் முகம் பார்த்துச் சொன்ன டாக்டரம்மாவுக்கும், டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர்களுக்கும், நேரம் காலம் பார்க்காமல் ஆட்டோ ஓட்டி வந்த பக்கத்துத் தெருத் தம்பிக்கும், கடைசியில் அக்காவைக் குளிப்பாட்டிய நடவுப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஒரு முழம் தள்ளி நின்றவர்கள்தான் அவர்களில் பலர். அன்று முகத்தைக் கையால் தடவித் தடவிக் கழுவினார்கள்.

வரன் வீட்டார் திருக்காட்டுப்பள்ளியில் இருக்கிறார்கள். போனில் விஷயத்தைச் சொன்னேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். இதை அச்சுக்குக் கொடுக்கும் நாள்வரை ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாங்கள் சொந்த வீட்டிலேயே எவ்வளவு காலம் யோசித்தோம். அச்சானதும் முதல் பிரதியை எடுத்துக்கொண்டு நானே பஸ் ஏறி அவர்கள் வீட்டுக்குப் போவதாக இருக்கிறேன். மகளும் வருகிறேன் என்கிறாள்.