அம்மாவுக்குத் தனிச் சமையல்

அந்தப் பணத்தை நான் திட்ட மாட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதாமாதம் பெண்கள் கணக்கில் அரசாங்கம் போடுகிற ஆயிரம் ரூபாய் எனக்கும் வருகிறது. பெருமாள்மலையில் பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடை போட்டிருக்கிறேன். வருகிற பணம் பால்காரருக்குப் போகும். மிச்சமிருந்தால் முழங்கால் வலிக்கு மாத்திரை. புருஷனிடம் கேட்டுக் கேட்டு, காரணம் சொல்லிச் சொல்லி காசு வாங்கிய பெண்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் என் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அந்தப் பணத்தைத் தொடாமல் பேச முடியவில்லை.

அம்மா மேல்மலையில் என் தம்பி வீட்டில் இருந்தாள். பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற ஊர். அப்பா போன பிறகு ரேஷன் கார்டில் அம்மாதான் குடும்பத் தலைவி. அதனால் பணம் முதலில் அவள் கணக்குக்கு வந்தது. வந்த அன்றே எனக்குப் போன் போட்டாள்.

"ஏத்தா, எம் பேருக்குக் காசு வந்துருக்கு. எம் பேருக்கு!"

காலமெல்லாம் மண்ணைக் கொத்தியவள். அவள் பெயருக்கென்று அதுவரை எதுவும் வந்ததில்லை. கல்யாணப் பத்திரிகைகூட அப்பா பெயர் போட்டுத்தான் வரும். அடுத்த வாரமே கொடைக்கானலுக்குப் போய் மெரூன் கலரில் ஒரு ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டாள். பேரம் பேசாமல் வாங்கினேன் என்று பெருமை வேறு. மீதியை அப்படியே தம்பி பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டாள்.

அந்த வருஷம் தம்பி மகளுக்கு திண்டுக்கல்லில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. பூண்டு விலை படுத்துக் கிடந்த நேரம். ஹாஸ்டலுக்குக் கட்ட வழியில்லாமல் தம்பி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு கார்டுக்கு ஒரு பெண்ணுக்குத்தான் பணம் வரும். அம்மா தனிக் கார்டு வாங்கிப் பிரிந்துவிட்டால் பழைய கார்டில் தம்பி பெண்டாட்டி தலைவியாகிவிடுவாள். இரண்டு பேருக்கும் வரும். யோசனை அம்மாவுடையதுதான். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். ஊரில் இப்போது பழி முழுவதையும் மருமகள் தலையில் கட்டுகிறார்கள்.

தனிக் கார்டு வேண்டுமென்றால் தனியாகச் சமைக்கிறார்களா என்று பார்க்க ஆள் வரும். வீட்டுக்குப் பின்னால் பூண்டு காயப் போடுகிற கொட்டகை ஒன்று இருந்தது. எங்கள் பக்கத்தில் பூண்டைத் தாளோடு கட்டி விட்டத்தில் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டிப் புகை போடுவார்கள். அப்போதுதான் பூண்டு அழுகாமல் நிற்கும். அங்கே மூன்று கல்லை வைத்து, இரண்டு சட்டி, ஒரு பாய், ஒரு கம்பளி போட்டு அம்மாவைக் குடியேற்றினார்கள்.

"பூண்டுக்கும் புகையாச்சு, கார்டுக்கும் அடுப்பாச்சு," என்றான் தம்பி.

தாலுகா ஆபீஸிலிருந்து பார்க்க வந்த அம்மாள் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். என் அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரே குரலில், "ஆமாங்க, அவுக தனியாத்தான் பொங்குறாக," என்றார்கள். அந்த அம்மாள் புகையில் இருமிக்கொண்டே எழுதிக்கொண்டு போய்விட்டார். அன்று நானும் போயிருந்தேன்; எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அன்று சாயங்காலமே அந்த நாடகம் முடிந்திருக்க வேண்டும். தம்பி பெண்டாட்டி சோறு போட்டுவிட்டுக் கூப்பிட்டாள். அம்மா வரவில்லை.

"எரியிற அடுப்புக்கு முன்னால ஒக்காந்து தனின்னு சொல்லிட்டேன். இனி அங்க வந்து தின்னா அது பொய்யாயிரும். பொய் சொல்லி வாங்குன காசு புள்ள படிப்புக்கு ஆவாது."

அவள் பிடிவாதத்தை உடைக்க அப்பாவாலேயே முடிந்ததில்லை. பொய்யை மெய்யாக்கிவிட்டால் பாவம் இல்லை என்று அவளுக்கு ஒரு கணக்கு. தலையில் அடித்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் அடுப்பு சின்ன விஷயமில்லை. அண்ணன் தம்பி பிரிந்தால் நிலத்தைப் பிறகுதான் பிரிப்பார்கள். முதலில் அடுப்பு பிரியும். கோயில் வரி அடுப்புக்கு இவ்வளவு என்றுதான் வாங்குவார்கள். அடுப்பு பிரிந்த பிறகு கூடப் பிறந்தவன் வீடானாலும் கூப்பிடாமல் போய்ச் சாப்பிட உட்கார மாட்டார்கள். இது அம்மா ரத்தத்தில் ஊறியது. அவள் சும்மா தொடங்கி வைத்த ஒன்று மெதுவாக நிஜமாகிப் போனது.

இரண்டு பேருக்கும் பணம் வந்தது. ஹாஸ்டலுக்கு மாதம் தவறாமல் போனது. அதில் நல்லது எதுவும் நடக்கவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். தம்பி பெண்டாட்டி முதன்முறையாகத் தன் மகளுக்குத் தானே பணம் அனுப்பினாள். அம்மாவும் தன் பங்கை அனுப்பிவிட்டு, "ஒரு அடுப்பு எரிஞ்சா சோறு, ரெண்டு அடுப்பு எரிஞ்சாத்தான் அவளுக்குப் படிப்பு," என்று என்னிடம் சொல்வாள்.

திருவிழாவுக்கு அவளிடம் தனியாக வரி கேட்டார்கள். கொடுத்தாள். பொங்கலன்று நான் போயிருந்தபோது தம்பி பெண்டாட்டி ஒரு தட்டில் பொங்கல் வைத்து, இலையால் மூடி, கொட்டகைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அம்மா அந்தத் தட்டைக் கழுவி, வெறுமனே கொடுக்கக் கூடாதென்று ஒரு கட்டி வெல்லம் வைத்துத் திருப்பிக் கொடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குச் செய்கிற மரியாதை அது. இரண்டு பேரையும் நிற்க வைத்துக் கத்தினேன்.

"மதினி, நான் வேணாம்னா சொன்னேன்?" என்றாள் தம்பி பெண்டாட்டி. "கூப்புட்டா வர மாட்டேங்குறாக. சரி போகட்டும்னு விட்டா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறாக. நான் என்னதான் செய்ய?"

அம்மா என்னைத் தனியே இழுத்துப் போய்ச் சொன்னாள். "அவ சோறு வேணுமான்னு கேக்குறாத்தா. விருந்தாளியக் கேக்குற மாதிரி. ஒங்க வீடு, ஒங்க அடுப்புன்னு ஒரு வார்த்த சொன்னா நான் போயிர மாட்டேனா?"

"பொய்யாயிரும்னியே?"

"அவ சொன்னா பொய் ஆவாது," என்றாள்.

இதை அப்படியே போய் தம்பி பெண்டாட்டியிடம் சொன்னேன். அவள் முகம் இறுகிவிட்டது. "அவுகளாத்தான போனாக? நான் போகச் சொல்லலையே," என்றாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. தப்பில்லாத இரண்டு பேருக்கு நடுவில் ஒரு மண்சுவர் நின்றது.

மழைக்காலம் வந்ததும் அம்மாவுக்கு இருமல் பிடித்தது. மேலே பூண்டு, கீழே ஈர விறகு, பகலெல்லாம் மஞ்சு மூட்டம். கதவைத் திறந்தால் குளிர், மூடினால் புகை. என்னோடு வந்து பெருமாள்மலையில் இருக்கச் சொன்னேன். கேட்கவில்லை. மறுபடி செக்கிங் வரப்போகிறது, தனியாகச் சமைக்காதவர்கள் கார்டை வெட்டிவிடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.

"அடுப்பு அணஞ்சு கெடந்தா ரெண்டு பேரு காசும் போயிரும். பிள்ள படிச்சு முடிக்கட்டும், வாரேன்," என்றாள்.

தம்பியைப் பிடித்து உலுக்கினேன். "ஏலே, அம்மா இருமுறது ஒனக்குக் கேக்கலயா? உள்ள கூட்டிட்டு வந்து படுக்க வையி."

"கேக்குதுக்கா. இந்த செக்கிங் மட்டும் முடியட்டும். மறுநாளே கூட்டியாந்துர்றேன்."

அந்த செக்கிங்குக்கு யாரும் வரவில்லை. இன்றுவரைக்கும் வரவில்லை.

மார்கழியில் புல்லெல்லாம் உறைபனி படிந்து கிடந்த ஒரு காலையில் தம்பி பெண்டாட்டி போன் செய்தாள். வெள்ளனே எழுந்து அடுப்பு மூட்டுவது அம்மா வழக்கம். கொட்டகைக் கூரையில் புகை எழுந்தால்தான் அந்த வீட்டுக்கு விடிந்தது என்று அர்த்தம்.

"மதினி, அத்த இன்னும் அடுப்புப் பத்த வைக்கல," என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. கடையை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவை வீட்டுக்குள் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மெரூன் ஸ்வெட்டர் போட்டிருந்தாள். பூண்டுப் புகை வாசம் அவள் தலைமுடியில்கூட இருந்தது. நான் அவள் மேல் விழுந்து அழுதேன். ஏன் இந்தப் பிடிவாதம் என்று அவளிடமே கேட்டு அழுதேன்.

சாவு விழுந்த வீட்டில் எடுத்து அடக்கம் செய்து முடிக்கும்வரை அடுப்பு மூட்டுவதில்லை. அக்கம்பக்கத்தார் சோறு கொண்டுவருவார்கள். திண்டுக்கல்லிலிருந்து தம்பி மகள் வந்து சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருந்த அந்தப் பெண் அம்மா காலடியில் துவண்டு கிடந்தது. பெரியப்பா முறையான ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இரக்கப்பட்டுத்தான் சொன்னார்.

"ஏம்மா, பிள்ளைக்கு ஒங்க அடுப்புல வெரசா ஒரு கஞ்சி வச்சுக் குடு. தீட்டு அந்தக் கொட்டகை அடுப்புக்குத்தான. அவுகதான் தனியா இருந்தாகளே."

சுற்றியிருந்தவர்கள் ஆமாம் என்றார்கள். கார்டுக்காகப் பார்க்க வந்த அம்மாளிடம் சாட்சி சொன்ன அதே வாய்கள். யாருக்கும் கெட்ட எண்ணமில்லை. இவ்வளவு நாளில் அவர்களே அதை நம்பிவிட்டிருந்தார்கள். தம்பி சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். தனியாக இல்லை என்று சொல்ல அவனுக்கு எந்த முகம் இருக்கிறது?

தம்பி பெண்டாட்டி எழுந்தாள். காலையில் சாவு தெரியுமுன் அவள் மூட்டிய அடுப்பில் இன்னும் கங்கு இருந்தது. ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி மொத்தமாக அதில் கொட்டினாள். சாம்பல் கிளம்பி அவள் முகத்தில் அடித்தது.

"யாரு தனி? யாரு சொன்னது தனின்னு?" என்று அலறினாள். "இது அவுக வீடு. அவுக அடுப்பு. நான்தான் இதுல பொங்கித் தின்னுக்கிட்டு இருந்தேன்."

நனைந்த சாம்பலிலேயே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். ஒரு வருஷமாக அவளைத் திட்டித் தீர்த்த நான் போய் அவளைக் கட்டிக்கொண்டேன். அம்மா கேட்க ஏங்கியது இதைத்தான். இப்போதும் கேட்கிற தூரத்தில்தான், கூடத்தில் கிடந்தாள்.