ஏழாவது பேர்

பலாபத்வலையில், யாழ்ப்பாணம் போகிற பெருந்தெருவைப் பார்த்தபடி சாலிஹின் பஞ்சர் கடை இருந்தது. கடையில் ஒரு ரேடியோவும் இருந்தது. கடைதான் சாலிஹுடையது, ரேடியோ அவனுடையதல்ல. அது கல்யாணத்தின்போது அவன் மனைவி கைறுன்னிஸாவுக்குக் கொடுத்த மஹர்.

நிக்காஹ் அன்று, எழுத வந்த பள்ளிவாசல் லெப்பை பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, மணமகளுக்கு மஹராக என்ன வேண்டும் என்று கேட்டார். ரேடியோ வேண்டும் என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. லெப்பைக்குத் தன் காதில் சந்தேகம். பவுன் ஒன்றும் வேண்டாமா என்று மறுபடியும் ஆள் அனுப்பினார்.

"பவுன் பாடுமா எண்டு கேக்கிறாங்க" என்று திரும்பி வந்தவர் சொன்னார். பந்தலே சிரித்தது. சாலிஹுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இப்படிக் கேட்கிறவளோடு வாழ்க்கை சப்பென்று இருக்காது என்று அன்றைக்கே அவனுக்குப் பட்டுவிட்டது.

கைறுன்னிஸா ரேடியோ கேட்டதற்குக் காரணம் இருந்தது. ஐம்பத்தேழில் ஆசிரிய கலாசாலையில் சேர்ந்து, ஒரே விடுதி அறையில் இரண்டு வருஷம் ஒன்றாகப் படுத்தெழும்பிய ஏழு பெண்களில் அவள் ஒருத்தி. படிப்பு முடிந்ததும் கல்முனை, மன்னார், குருநாகல் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். முதல் வருஷம் கடிதங்கள் பறந்தன. அடுத்த வருஷம் பெருநாளுக்கும் நத்தாருக்கும் பொங்கலுக்கும் வாழ்த்து மட்டும். அதுவும் நிற்கப் பார்த்தபோது கைறுன்னிஸா ஓர் ஏற்பாடு செய்தாள். புதன்கிழமை காலையில் வானொலியில் நேயர்கள் கேட்ட பாட்டுப் போடுவார்கள். மாதம் ஒருத்தி அதற்குத் தபாலட்டை அனுப்ப வேண்டும். பாட்டு அவளுடைய இஷ்டம். ஆனால் ஏழு பேரின் பெயரும் அதில் இருக்க வேண்டும், அனுப்புகிறவளின் பெயர் கடைசியில். தாலாட்டுப் பாட்டு வந்தால் யாருக்கோ பிள்ளை பிறந்திருக்கிறது. பக்திப் பாட்டு வந்தால் வீட்டில் யாரோ சுகமில்லை. தீவின் ஏழு மூலையில் இருக்கிற ஏழு வீட்டிலும் ஒரே நொடியில் ஏழு பெயரும் கேட்கும்.

அந்த நேரத்தில் கைறுன்னிஸா வகுப்பில் இருப்பாள். ஆகவே கேட்கிற பொறுப்பு சாலிஹுக்கு. டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டே காதை ரேடியோவில் வைத்திருப்பான். பகல் சாப்பாட்டுக்கு அவள் வந்ததும் பாட்டையும் பெயர்களையும் வரிசை மாறாமல் ஒப்புவிப்பான். ஒருமுறைகூடப் பார்த்திராத அந்த ஆறு பெண்களும் இப்படியே அவனுக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

"ஒங்கட ஜுனைதாவுக்கு மறுகாவும் தாலாட்டு. இது நாலாவது."

"நீங்க எண்ண வேணாம். பேர மட்டும் சொல்லுங்க."

அறுபத்தெட்டில், ஏப்ரல் விடுமுறைக்கு ஏழு பேரும் பலாபத்வலையில் கூடுவதென்று கைறுன்னிஸா முடிவு செய்தாள். ஏழு வருஷமாகக் காற்றில் மட்டும் சந்தித்தது போதும் என்றாள். கடிதங்கள் மறுபடி பறந்தன. யார் எந்த பஸ்ஸில் வருவது, யாருக்கு எந்த இறைச்சி ஆகாது, இரவில் யார் யார் எந்தப் பாயில் படுப்பது என்றெல்லாம் பேச்சு நடந்தது. குருநாகலில் அதிபராகிவிட்ட ஜுனைதா ஒரு யோசனை சொன்னாள். ஒவ்வொருத்தியும் தன் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு எடுத்த போட்டோவைக் கொண்டுவர வேண்டும், அவற்றைச் சுவரில் வரிசையாக மாட்டுவோம் என்று எழுதியிருந்தாள். எல்லோருக்கும் அது பிடித்துப்போனது.

அதற்கு அடுத்து அட்டை அனுப்பும் முறை சவரியம்மாவுடையது. ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் டீச்சராக இருக்கிறவள். விடுதியில் அவள்தான் பாட்டுக்காரி.

அந்தப் புதன்கிழமை சாலிஹ் ஆறு பெயரோடு சாப்பிட உட்கார்ந்தான்.

"சவரியம்மாட பேர் வரல்ல. ரேடியோக்காரன் விட்டிருப்பான்."

"என்ன பாட்டு?"

"பிரியாவிடைப் பாட்டொண்டு. கேக்க நல்லாத்தான் ஈந்திச்சி."

கைறுன்னிஸா பிசைந்த சோற்றை அப்படியே தட்டில் வைத்தாள். "ரேடியோக்காரன் விடல்ல. அவளே அவட பேர எடுத்துட்டா. சனிக்கிழம கடையப் பூட்டுங்க. மலைக்குப் போகணும்."

சனிக்கிழமை மாத்தளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து ரத்தோட்டைக்கு ஒரு பஸ், அதற்கு மேல் கிடைத்த லொறி, பிறகு நடை. பனி இறங்கியிருந்தது. ரோட்டோரத் தேத்தண்ணிக் கடையில் சாலிஹ் வழி கேட்டான்.

"சவரியம்மா டீச்சர் வீடு எங்க இருக்கு?"

கடைக்காரர் யோசித்தார். "அப்படி டீச்சர் யாரும் இங்க இல்லீங்களே. மேட்டு லயத்துல செபஸ்தியன் மக சவரியம்மான்னு ஒரு புள்ள இருக்கு. கொழுந்தெடுக்கிற புள்ள. இந்நேரம் நிறுவைக்கு வந்திருக்கும், போய்ப் பாருங்க."

சாலிஹ் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆனா நெனச்சேன். மத்த எல்லாருட கடிதத்திலயும் பிள்ளைகளுக்கு ஏச்சுத்தான். அவன் சொல்வழி கேக்கிறானில்ல, இவனுக்கு வாய்ப்பாடு ஏறுதில்ல எண்டு. இவ மட்டும் பிள்ளைகள் தங்கம் எண்டு எழுதுவா. வகுப்பெடுக்கிறவ எவளாவது பிள்ளைகளத் தங்கம் எண்டு எழுதுவாளா? போட்டோ வேணாமெண்டு ஜுனைதாவுக்குப் போன கிழமையே எழுதிட்டேன். இவளுக்கு எழுத முந்தி இவ அட்டையப் போட்டுட்டா."

பெருந்தெருவில் போகிற எந்த லொறியில் எந்தச் சில்லு பழுது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவதாக சாலிஹ் பெருமையடிப்பான். அன்று அந்தப் பனியில் நின்றபோது, தன் வீட்டில் இருப்பவளின் காது எப்பேர்ப்பட்டது என்பது அவனுக்குப் புரிந்தது.

நிறுவைக் கொட்டகையில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். இடுப்பில் சாக்கைக் கட்டி, கூடையை இறக்கிக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். பார்த்ததும் கூடைக்குப் பின்னால் குனிந்துகொண்டாள்.

"கூடைக்குப் பின்னால ஒளிஞ்சா தெரியாதா? விடுதியில கட்டிலுக்குக் கீழ ஒளிஞ்சப்பவும் ஒன் காலு வெளியிலதான் கெடந்திச்சி" என்றாள் கைறுன்னிஸா.

சவரியம்மா எழுந்தாள். "வந்து பாத்துட்டீங்கல்ல. போதுமா, கைறு?" என்றாள். குரலில் கோபம். கண்ணில் வேறென்னவோ.

கைறுன்னிஸா கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். "இண்டைக்கு எத்தன றாத்தல்?"

"பதினெட்டு."

"அது நல்லதா, கொறவா?"

"கொறவுதான். மழை. அதுலயும் ரெண்டு றாத்தல வெட்டிட்டான் அந்தக் கங்காணி. கேட்டா கொழுந்து ஈரமாம். மழையில நனையாத கொழுந்து அவங்க ஆயி வீட்டுலயா காய்க்குது?"

அவ்வளவுதான், மடை உடைந்தது. தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்கு நடக்கிற வழியெல்லாம் சவரியம்மா கங்காணியை ஏசினாள். கணக்கப்பிள்ளையை ஏசினாள், ஒழுகுகிற கூரையை ஏசினாள். கலாசாலையில் படித்து முடித்து வந்தவளிடம், பிரஜாவுரிமை இல்லாதவர்களுக்கு அரசாங்க வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவின் விண்ணப்பமும் தள்ளுபடி. காத்திருந்து பார்த்துவிட்டுத் தோட்டத்தில் பேர் பதிந்துகொண்டதையும் ஏசிக்கொண்டேதான் சொன்னாள். கைறுன்னிஸா பின்னால் நடந்த சாலிஹிடம் திரும்பி, "இப்பதான் இவ உண்ம பேசுறா" என்று முணுமுணுத்தாள்.

லயத்து அறையில் சவரியம்மாவின் தாய் மரியாயி சாயத் தேத்தண்ணியும் சீனியும் கொண்டுவந்து வைத்தாள். அப்போதுதான் சவரியம்மா அடங்கிய குரலில் பேசினாள்.

"நான் வரல கைறு. அவங்க மனசுல நான் டீச்சராவே இருந்துட்டுப் போறேன். நானா, நீங்களாவது இவளுக்குச் சொல்லுங்களேன்" என்று சாலிஹை அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

"நான் சொன்னா கேக்கிறவளா? மஹருக்கே ரேடியோ கேட்ட ஆள்" என்றான் சாலிஹ். மரியாயி சிரித்துவிட்டாள்.

கைறுன்னிஸா கைப்பையிலிருந்து ஒரு வெறும் தபாலட்டையை எடுத்துப் பாயில் வைத்தாள்.

"நான் ஒருத்திக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சொல்றதும் சொல்லாததும் ஒன் விருப்பம். ஆனா ஒன் மாசத்து அட்ட சரியில்ல, திரும்ப எழுதணும். ஏழு பேரும் வந்தா ஏழு தட்டு வைப்பேன். ஆறு பேர் எண்டா தட்டே இல்ல. விருந்தும் இல்ல. எல்லாருக்கும் வராதீங்க எண்டு எழுதிருவேன்."

"என்னாலயா எல்லாருக்கும் இல்லாமப் போகணும்?"

"ஆமா, ஒன்னாலதான். நல்லா யோசிச்சிக்க."

வழியனுப்ப சவரியம்மா வெளியே வரவில்லை.

அடுத்த புதன்கிழமை ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த புதனும் சும்மா போனது. கைறுன்னிஸா கொத்தமல்லி இடித்தாள், பாய்களை வெயிலில் போட்டாள், விருந்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. "ஆறு பேர் கூடினா என்ன, அவங்களும் மனுசங்கதானே" என்று சாலிஹ் ஒரு தரம் சொல்லிப் பார்த்தான். அவள் பார்த்த பார்வையில் கடைக்குப் போய்விட்டான்.

விடுமுறைக்கு முந்திய கடைசிப் புதன்கிழமை. நாலந்தாவிலிருந்து வெங்காயம் ஏற்றி வந்த லொறியொன்று கடை முன்னால் சாய்ந்து நின்றது. சாலிஹ் ஜாக்கியைப் போட்டு சில்லைக் கழற்றினான். "இக்மன், முதலாளி, இக்மன்!" என்று டிரைவர் சிங்களத்தில் அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து ரேடியோவில் அறிவிப்பாளர் அட்டையொன்றை வாசிக்கத் தொடங்கினார்.

"ஆசிரியை ஜுனைதா, குருநாகல்..."

சாலிஹ் கையை உயர்த்தினான். டிரைவர் வாயை மூடினான். கல்முனை வந்தது, மன்னார் வந்தது. பலாபத்வலை ஆசிரியை கைறுன்னிஸா ஆறாவதாக வந்தாள். அறிவிப்பாளர் மூச்சு வாங்கினார். அந்த மூச்சு முடிகிற மட்டும் சாலிஹ் மூச்சு விடவில்லை.

"இவர்களோடு சேர்ந்து இப்பாடலைக் கேட்பவர், ரிவர்ஸ்டன் மலையில் கொழுந்து பறிக்கும் சவரியம்மா."

பாட்டுத் தொடங்கியது. கல்யாண வீடுகளில் போடுகிற துள்ளல் பாட்டு. தன் ஆறு தோழிகளுக்கும், கூடவே தீவு முழுவதற்கும், அவளே தன் கையால் எழுதிச் சொல்லிவிட்டாள். சாலிஹ் கையைச் சாரத்தில் துடைத்தான். தெருவைக் கடந்து, பள்ளிக்கூடத்துப் படியேறி, மூன்றாம் வகுப்பின் அரைச்சுவருக்கு வெளியே போய் நின்றான். பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"டீச்சர், ஏழும் வந்திரிச்சி" என்றான். மேல்மூச்சு வாங்கியது. "கடசிப் பேரு அவங்கடதான். கொழுந்து பறிக்கும் சவரியம்மா எண்டே வாசிச்சாங்க."

கைறுன்னிஸா கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எழுதியிருந்த கணக்கை மெதுவாக அழித்தாள், அதே கணக்கை அதே இடத்தில் திரும்ப எழுதினாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"கடையப் பூட்டிட்டா வந்தீங்க?"

அப்போதுதான் ஜாக்கியின் மேல் நின்ற லொறி சாலிஹுக்கு ஞாபகம் வந்தது. தெருவிலிருந்து ஹோர்ன் சத்தம் விடாமல் கேட்டது. ஓடத் திரும்பியவனை அவள் குரல் நிறுத்தியது.

"வரக்கொள்ள ஒரு தட்டு வாங்கிட்டு வாங்க. வீட்டில ஆறுதான் ஈக்கி."